கோல் காக்கும் கண்கள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் ஹேண்ட்பால் தங்கத்தை நார்வே வென்றது. அதன் கோல்கீப்பர் கத்ரினே லுண்டேக்கு அப்போது வயது 44! 2008, 2012 ஆண்டுகளிலும் தங்கம் வென்றவர் அவர்.

இது எப்படிச் சாத்தியம்? பெனால்டிக் கோட்டிலிருந்து கோல் 7 மீட்டர் தூரம். விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் எறிந்த பந்து 0.28 விநாடியில் வந்துவிடும். கண் கண்டு, மூளை கட்டளையிட்டு, தசை அசையத் தொடங்கவே சுமார் 0.2 விநாடி ஆகும். எனவே பந்து கையைவிட்டுப் புறப்படும் முன்பே, எறிபவரின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்துத் திசையைக் கணிக்க வேண்டும். இத்திறன் பல்லாண்டுப் பயிற்சியால் வளர்வது.

ஆவடி, அம்பத்தூர் மாணவிகளே! தோழி திடீரென விடும் அளவுகோலைப் பிடித்துப் பாருங்கள். அது 20 செ.மீ. விழுந்திருந்தால் உங்கள் நேரம் 0.2 விநாடி. அவள் விரல்களைக் கவனித்தால் குறைகிறதா?