வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? வரிசையாகப் பார்ப்போம்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் கடை வைத்திருப்பவரிடம் உங்கள் இரண்டாவது கல்லாப்பெட்டி எது என்று கேட்டால், வாசலில் நிற்கும் வண்டியைத்தான் காட்டுவார். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வந்த நாள் முதல் நம் சரக்கில் பாதி இரண்டு சக்கரத்தில்தான் போகிறது. நூல் கோன், சோல் மூட்டை, லைனிங் தோல் கட்டு, சொல்யூஷன் டின் எல்லாம் அதன் முதுகில்தான். அந்த வண்டி காலையில் கிளம்ப மறுத்தால் அன்றைய வியாபாரமே தடுமாறும்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு மழைக்காலத்தில் என் பழைய ஸ்கூட்டர் காலை நேரத்தில் மக்கர் செய்யத் தொடங்கியது. ஒரு மெக்கானிக் கார்புரேட்டரை மாற்றச் சொன்னார், மாற்றினேன். இரண்டு நாளில் மறுபடி அதே கதை. அடுத்து பேட்டரியை மாற்றினேன். அப்புறமும் கடைப் பையன் அரைமணி நேரம் கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தான். அன்று ஒரு ஷூ யூனிட்டுக்குப் போக வேண்டிய நூல் நேரத்துக்குப் போகவில்லை. அவர்கள் வேறு கடையில் வாங்கினார்கள், பிறகு அங்கேயே வாங்கப் பழகிவிட்டார்கள். கடைசியில் பார்த்தால், ப்ளக் கேப் தளர்ந்து அதற்குள் ஈரம் இறங்கியிருந்தது. மிகச் சிறிய செலவில் முடிய வேண்டிய வேலை அது. சோதிக்காமல் சாமான் மாற்றியதால் பணமும் போனது, ஒரு வாடிக்கையாளரும் போனார்.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுதான்: முதலில் சோதனை, பிறகே சாமான். இன்ஜின் ஓட பெட்ரோல், நெருப்பு, காற்று, அழுத்தம் என்ற நான்கும் வேண்டும். நான்கில் எது குறைகிறது என்று வரிசையாகப் பார்த்தால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

முதலில் கண்ணால் பார்க்க வேண்டியவை

டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியானால் பெட்ரோல் டேப் ஆனில் இருக்கிறதா, ரிசர்வுக்குத் திருப்ப வேண்டுமா என்று பாருங்கள். இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் உள்ள வண்டியில் அது ஆஃபில் கிடக்கலாம். செல்ஃப் போடும்போது பிரேக்கைப் பிடிக்க வேண்டும். சில புதிய வண்டிகள் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆகாது. இவற்றைப் பார்க்காமல் மெக்கானிக்கை அழைத்து வெட்கப்பட்டவர்கள் நம்மில் பலர் உண்டு.

சோக் குளிர்ந்த இன்ஜினுக்கு மட்டுமே. மதியம் சூடாக நிற்கும் வண்டிக்குச் சோக் போட்டால் பெட்ரோல் அதிகமாகி ப்ளக் நனைந்துவிடும்.

ப்ளக் சொல்லும் சேதி

ஏழெட்டு உதைக்கும் கிளம்பாவிட்டால் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு போதவில்லை அல்லது சோக் அதிகமாகிவிட்டது என்று பொருள். பெட்ரோல் டேப்பையும் சாவியையும் ஆஃப் செய்து, ஆக்சிலேட்டரை முழுதும் திருகி, ஐந்தாறு முறை உதைத்தால் உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறும். ப்ளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டுங்கள்.

ப்ளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். மூடியைத் திறந்ததும் வண்டி கிளம்பினால் குற்றம் அங்கேதான். துளை சரியாக இருந்தால் டேப்பிலோ கார்புரேட்டர் ஜெட்டிலோ அழுக்கு இருக்கும். ஜெட்டைக் காற்று ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஊசியோ கம்பியோ விட்டால் துளை பெரிதாகி, அன்று முதல் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்.

ப்ளக் கறுத்து எண்ணெய்ப் பசையாக இருந்தால், பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட்டில் ஆயில் அதிகமாகக் கலந்திருக்கும். கம்பெனிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு மேல் ஊற்றினால் பாதுகாப்பு கூடாது. புகையும் கரியும்தான் கூடும். அந்தக் கரி சைலன்சரை அடைத்தாலும் வண்டி திணறும்.

நெருப்புச் சோதனை: ஓர் எச்சரிக்கை

ப்ளக்கை அதன் கேப்பில் மாட்டி, அடிப்பாகம் இன்ஜினின் இரும்பில் படும்படி வைத்து உதைத்தால் நீலப் பொறி தெறிக்க வேண்டும். பொறி மஞ்சளாகவோ மங்கலாகவோ இருந்தால் முதலில் ப்ளக்கை மாற்றுங்கள், அடுத்து கேப்பை, அதன் பிறகே காயில், சி.டி.ஐ. பக்கம் போங்கள்.

ஆனால் இந்தச் சோதனையைக் கடைக்குள் ஒருபோதும் செய்யாதீர்கள். சொல்யூஷன், தின்னர் விற்கும் நம் கடைகளில் அவற்றின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு படர்ந்திருக்கும். ஒரு பொறி போதும். வண்டியைத் தெருவுக்குத் தள்ளிச் சென்று, சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ப்ளக் துளையிலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள். பையன்களிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

காற்றும் அழுத்தமும்

பஃபிங் மெஷின் ஓடும் இடத்துக்கு அருகே நிறுத்தும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். தோல் தூள் மாவு போல் மென்மையானது. ஸ்பாஞ்சு ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசிப் பிழிந்து, உலர்த்தி, லேசாக ஆயில் தடவி மாட்டலாம். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

பெட்ரோல், நெருப்பு, காற்று மூன்றும் சரி, ஆனால் கிக்கர் பிடிமானமே இல்லாமல் இறங்குகிறது என்றால் அழுத்தம் குறைந்திருக்கிறது. சூட்டில் மட்டும் மக்கர் செய்யும் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் டாப்பெட் இறுகியிருக்கலாம். வேலூர் கோடையில் இது அடிக்கடி தலைகாட்டும். இரண்டும் மெக்கானிக்கின் வேலை.

மழையும் புதிய பெட்ரோலும்

இப்போது பங்க்குகளில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். 20 சதவீதம் கலந்தது 2023-இல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் தண்ணீர் இறங்கிவிட்டால் அதோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். ஆகவே வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், மூடி ரப்பரைக் கவனியுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்ததைப் போல வெள்ளம் வந்து வண்டி மூழ்கினால், உதைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது உதைத்தால் இன்ஜினே கெடும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பின் வாங்கிய வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை ஒரு பம்ப் தள்ளுகிறது. சாவி போட்டதும் மெல்லிய ஓசை கேட்டால் பம்ப் வேலை செய்கிறது. இவற்றுக்குப் பேட்டரிதான் உயிர். செல்ஃப் போட்டால் டிக்டிக் என்று மட்டும் கேட்டால், முதலில் பேட்டரி டெர்மினலைத் துடைத்து இறுக்குங்கள், பிறகு சார்ஜ் பாருங்கள். இன்ஜின் விளக்கு அணையாமல் எரிந்தால் நீங்களே எதையும் கழற்ற வேண்டாம்.

மெக்கானிக்கிடம் சொல்லும் முறை

"ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். காலையிலா, சூட்டிலா, மழைக்குப் பிறகா, ப்ளக் நனைந்திருந்ததா, காய்ந்திருந்ததா, பொறி எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதைக் கேட்டு மகிழ்வார். எந்தச் சாமானை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கடன் நோட்டு வைத்திருக்கும் நாம் வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். ப்ளக் மாற்றிய தேதி, ஃபில்டர் சுத்தம் செய்த தேதி, பேட்டரி வாங்கிய தேதி என்று மூன்று வரி போதும். பெட்டியில் ஒரு புது ப்ளக்கும் ப்ளக் ஸ்பேனரும் இருக்கட்டும். அவற்றுக்கு ஆகும் செலவு ஒரு வாடிக்கையாளரை இழக்கும் நஷ்டத்தைவிட மிகச் சிறியது. இதை நான் நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் இதைப் படித்தே தெரிந்துகொள்ளுங்கள்.