சொல்லும் தடியும்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வோர்க்குச் சிறிது தொலைவிலேயே நீலநிற மலைத்தொடர் ஒன்று கண்ணுக்குப் புலனாகும். அதுவே கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இது, கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் சேலம் மாவட்டத்திலும் பரந்து கிடக்கின்றது. கோமுகி ஆறு இம்மலையிற் பிறந்து, கச்சிராயபாளையத்திற்கு அருகில் அணையில் தேங்கி, பின்னர்ச் சமவெளியை வளப்படுத்துகின்றது. மலைமேல் சாமையும் தினையும் மரவள்ளியும் விளைகின்றன. அங்கு வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்பது பெயர். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தார் என மயங்குதல் வேண்டா. அவர்கள் பேசும் மொழி தமிழே.

இம்மலை 1976ஆம் ஆண்டு வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. வரி கொடுப்பதும் வழக்குத் தீர்த்துக்கொள்வதும் அவர்களிடமே. ஆகையால் அரசின் காவலர் இம்மக்களுக்கு நெடுங்காலம் பழகியவர் அல்லர். பழக்கம் ஏற்பட்டபோதும் அஃது இனிய முறையில் ஏற்படவில்லை. காட்டு ஓடைகளின் ஓரத்தில் புதைத்து வைத்த சாராய ஊறலைத் தேடிப் பானைகளை உடைக்க வந்தவராகவே காக்கி உடையினரைப் பல சிற்றூர்கள் அறிந்தன. குற்றம் செய்தவனும் ஓடினான். செய்யாதவனும் அச்சத்தால் ஓடினான். ஓடியவர் இருவரில் குற்றவாளி யார் என்பதை ஒரு காவலர் எவ்வாறு அறிவார்? துரத்திப் பிடித்து அடிப்பது எளிது. நிறுத்திப் பேசுவது அரிது. அந்த அரிய வேலையைக் கற்பிப்பதற்கே காவலர் பயிற்சி என ஒன்று தேவைப்படுகின்றது.

இந்த மாவட்டத்தைச் சேர்ந்த உளுந்தூர்ப்பேட்டையில் தமிழ்நாடு சிறப்புக் காவல்படையின் பத்தாம் அணி அமைந்துள்ளது. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் இளைஞர்க்கு இத்தகைய அணிகளிலும், மாநிலத்தின் காவலர் பயிற்சிப் பள்ளிகளிலும் பல மாதங்கள் பயிற்சி அளிக்கப்படுகின்றது. விடியற்காலையில் எழுந்து ஓடுவதும், அணிவகுத்து நடப்பதும், துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துப் பூட்டுவதும் பொதுமக்கள் பெரும்பாலும் கேட்டறிந்தவை. இவற்றால் உடல் உரம் பெறும். கட்டளைக்குப் பணியும் பழக்கம் உண்டாகும். ஆனால் தெருவில் நிற்கும் காவலர்க்குக் கட்டளையிட அருகில் எவரும் இருப்பதில்லை. அவரே எண்ணி, அவரே முடிவு செய்து, அவரே செயற்படவேண்டும். அதற்கு மூன்று பாடங்கள் உள: பேசும் முறை, தன்னைக் காத்துக்கொள்ளும் முறை, வலிமையை அளந்து பயன்படுத்தும் முறை. மூன்றும் தனித்தனியே கற்பிக்கப்படினும் உண்மையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

முதலாவது, பேச்சு. 'பேசுவதற்கும் ஒரு பயிற்சியா?' என இளைஞர் சிலர் நகைப்பதுண்டு. தமிழில் ஒரு சொல்லின் ஈறே மதிப்பையும் அவமதிப்பையும் காட்டிவிடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வெள்ளிமலைச் சந்தையில் மரவள்ளி மூட்டையோடு நிற்கும் முதியவரிடம் ஓர் இளங்காவலர், "ஏய், இங்கே வா, மூட்டையில் என்ன?" என்று கேட்டால், அம்முதியவர் வாய் திறவார், சுற்றி நிற்போர் முகமும் மாறிவிடும். "ஐயா, வணக்கம். நான் கரியாலூர் காவல் நிலையத்திலிருந்து வருகிறேன். மூட்டைகளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இதைச் சற்று அவிழ்த்துக் காட்டுகிறீர்களா?" என்று கேட்டால் மூட்டை அவிழும். இரண்டு வினாக்களும் கேட்பது ஒன்றையே. ஆயினும் பின்னதில் வணக்கமும், கேட்பவர் யார் என்பதும், கேட்பதன் காரணமும், வேண்டுகோளும் முறையாக அமைந்துள்ளன. இம்முறையினைப் பயிற்சிக் காவலர் நாடகம்போல் நடித்துப் பழகுவர். ஒருவர் குடித்துவிட்டுக் கூச்சலிடுவார்போலவும், ஒருவர் மகனை இழந்து அழும் தாய்போலவும், ஒருவர் அரிவாளைக் கீழே போட மறுப்பவர்போலவும் நடிக்க, மற்றொருவர் அவர்களோடு பேசவேண்டும். குரலை உயர்த்துவது எவர்க்கும் எளிது. எதிரில் நிற்பவர் குரலை உயர்த்தும்போது தம் குரலைத் தாழ்த்துவதுதான் பலமுறை தவறியபின் கைவருவது.

கேட்பதும் பேச்சின் ஒரு பகுதியே. சினங்கொண்ட ஒருவன் தன் குறையைச் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கிட்டால் அவன் சினம் இருமடங்காகும். சொல்லி முடிக்க விட்டு, "உம் நிலத்தில் அவர்கள் வேலி போட்டார்கள் என்கிறீர், அப்படித்தானே?" என்று அவன் சொன்னதையே திருப்பிச் சொன்னால், தன் சொல் காதில் விழுந்தது என்ற நிறைவு அவனுக்கு உண்டாகும். பாதிச் சண்டைகள் அவ்விடத்திலேயே தணிந்துவிடும்.

எல்லாச் சண்டைகளும் தணிவதில்லை. ஆதலால் தற்காப்பும் கற்கவேண்டும். எதிராளியிடமிருந்து இரண்டு கை நீளத் தொலைவில் நிற்றல். நேருக்கு நேர் நில்லாது சற்றே பக்கவாட்டில் ஒரு காலை முன்வைத்து நிற்றல். இரு கைகளையும் விரித்து மார்பளவில் வைத்திருத்தல் என்பன முதற்பாடங்கள். விரித்த கை இருவகையிற் பயன்படும். காண்போர்க்கு அது சமாதானக் குறி. அடி விழுமாயின் அதுவே கேடயம். பேசுபவர் கண்களைப் பார்த்துப் பேசினும், கவனம் அவர் கைகளின்மேல் இருக்கவேண்டும். ஏனெனில் காயத்தை உண்டாக்குவது கையே. இருவர் சென்றால் ஒருவர் பேச, மற்றொருவர் விலகி நின்று காவல் புரிவார். இருவரும் ஒரே வேளையில் அதட்டினால், யாருக்கு விடை சொல்வது எனத் தெரியாமல் எதிராளி கலங்குவான். அக்கலக்கத்தைப் பணிய மறுத்தல் எனக் காவலர் பிழைபடக் கருதுவர்.

மணிக்கட்டைப் பற்றித் திருப்புதல், பற்றிய பிடியிலிருந்து விடுபடுதல், தலையடிபடாமல் விழுதல் ஆகியவை அடுத்து வருவன. இவற்றை ஓராயிரம் முறை செய்து பழகவேண்டும். அச்சம் மிகும்போது நெஞ்சு படபடக்கும், பார்வை குறுகி எதிரில் உள்ளது மட்டுமே தெரியும், காது மந்தமாகும், விரல்கள் நுண்ணிய வேலைக்கு உதவா. அந்நிலையில் அறிவு புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. உடல் பழகியதையே செய்யும். அடிப்பதையே பழகிய உடல் அடிக்கும். விலகுவதைப் பழகிய உடல் விலகும்.

இங்கே மறவாமல் கற்பிக்கவேண்டிய ஒன்று உண்டு. திமிறுபவனைக் குப்புறத் தள்ளி, அவன் முதுகின்மேல் முழங்காலை ஊன்றி நெடுநேரம் அழுத்தினால், மார்பு விரிய இடமின்றி மூச்சு நின்றுவிடும். 2020ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு என்பவர் கழுத்தில் காவலர் ஒருவர் முழங்காலை ஊன்றியதால் உயிரிழந்தார். அந்தக் காவலர் கொலைக்குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. கட்டுக்கு அடங்கியவனை உடனே ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சைக் கவனிக்கவேண்டும் என்பது விதி. அவன் "மூச்சு முட்டுகிறது" என்று சொன்னால், பேச முடிகிறதே என்று அதனைப் பொய்யாகக் கொள்ளலாகாது.

இனி, வலிமையின் அளவு. கைது செய்யும்போது ஒருவன் எதிர்த்தால், அவனைப் பிடிப்பதற்குத் தேவையானவற்றைச் செய்யச் சட்டம் காவலர்க்கு உரிமை தருகின்றது. அதே சட்டம், அவன் தப்பாமல் இருப்பதற்கு வேண்டிய அளவுக்குமேல் அவனைக் கட்டுப்படுத்தலாகாது என்றும் கூறுகின்றது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இவ்விதிகள், 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவிலும் தொடர்கின்றன. கைவிலங்கு பூட்டுதலை நாள்வழக்கமாகக் கொள்ளலாகாது என 1980ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய சட்டம் கொடிய குற்றங்கள் சிலவற்றிற்கு மட்டும் அதற்கு இடந்தருகின்றது. பெண்களைக் கதிரவன் மறைந்தபின்னும் எழுவதற்கு முன்னும் தக்க காரணமின்றிக் கைது செய்தல் கூடாது. சோதனை நடத்தும்போது அதனை ஒலியோடும் ஒளியோடும் பதிவு செய்யவேண்டும் என்பது புதிதாகச் சேர்ந்த விதி. கட்டாயத் தேவை ஏற்பட்டாலன்றி வலிமையைப் பயன்படுத்தலாகாது என்பதை 1979ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பேரவையும் உலகக் காவலர் அனைவர்க்கும் நெறியாக வகுத்தது.

விதிகள் ஏட்டில் இருந்தும் பயனில்லாமற்போன ஓர் ஊர் கல்வராயன் மலைக்கு அயலிலேயே உண்டு. தர்மபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையின் அடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி என்னும் சிற்றூரே அது. அங்கு வாழ்வோரும் மலையாளிப் பழங்குடியினரே. 1992ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20ஆம் நாள், கடத்தப்பட்ட சந்தனமரங்களைத் தேடுவதாகக் கூறி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அவ்வூரில் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, ஆண்களும் பெண்களும் அடிக்கப்பட்டனர், பெண்கள் 18 பேர் வன்கொடுமைக்கு ஆளாயினர். வழக்கு 19 ஆண்டுகள் நடந்தது. 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புக் கூறியபோது, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களுள் 84 பேர் காவல்துறையினர். சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29ஆம் நாள் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அவ்வளவு பேரும் பிறப்பால் கொடியவர் என்று எவரும் நம்பார். உடன் வந்தோரைத் தடுத்து நிறுத்த ஒருவர் கூட முன்வரவில்லையே என்பதுதான் நெஞ்சை உறுத்துவது. ஆகவே இன்று பல நாடுகளின் காவற்பயிற்சியில், வரம்பு மீறும் தோழனின் கையைப் பிடித்து நிறுத்துவதும் ஒரு பாடமாயிற்று. இதனையும் சொல்லிக் கொடுத்தால் போதாது, நடித்துப் பழக்கவேண்டும். மூத்தவர் கையை இளையவர் பிடிப்பது நம் நாட்டு வழக்கத்தில் எளிதன்று.

கூட்டத்தை எதிர்கொள்ளுதல் வேறொரு வகை. 2022 ஜூலை 17ஆம் நாள் சின்னசேலத்தை அடுத்த ஓரூரில், பள்ளி மாணவி ஒருத்தியின் இறப்பையொட்டி எழுந்த போராட்டம் பெருங்கலகமாயிற்று. பேருந்துகள் எரிந்தன; காவலர் பலர் கல்லடிபட்டனர். அத்தகைய வேளையில் தனிமனிதரோடு பேசும் முறை செல்லாது. நிர்வாக நடுவரோ, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ, அவர் இல்லாதபோது உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவரோ, கலைந்து செல்லுமாறு கட்டளையிடவேண்டும். அது கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும். கலைவதற்கு வழியும் நேரமும் விடவேண்டும். மூன்று பக்கமும் அடைத்துவிட்டுக் கலைந்து போகச் சொல்வது அறிவீனம். கேளாவிடின் கண்ணீர்ப்புகை, காற்று எப்பக்கம் வீசுகிறது என்று பாராமல் அதனை வீசினால் வீசியவர் கண்ணே கலங்கும். அதன்பின் தடி. தலை, கழுத்து ஆகிய இடங்களில் படாமல், கை கால்களில் மட்டும் படவேண்டும். துப்பாக்கி எல்லாவற்றிற்கும் இறுதி. கூட்டம் பின்வாங்கத் தொடங்கிய கணமே தடி தாழவேண்டும். ஓங்கிய கையைத் தாழ்த்துவது ஓங்குவதைவிடக் கடினம் எனப் பயிற்றுநர் கூறுவது இதனாலேயே.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் பிற இடங்களிலும் நச்சுச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். அது தொழிற்சாலைகளிற் பயன்படும் வேதிப்பொருள். மலையில் பானையில் ஊறுவது அன்று. ஊறற்பானையை உடைக்கத் தடி போதும். ஆனால் எவன் எங்கிருந்து எதைக் கொண்டுவந்து கலக்கின்றான் என்ற செய்தியைத் தடியால் பெற முடியாது. அதனை அறிந்த பக்கத்து வீட்டுப் பெண் வாய்திறந்து சொல்லவேண்டும். சொன்னால் தன் பெயர் வெளிவராது, தன்னை எவரும் இழிவாகப் பேசார் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தாலன்றிச் சொல்லாள். அந்த நம்பிக்கை ஒரு நாளில் உண்டாவதன்று. சந்தையில் மூட்டையை அவிழ்க்கச் சொன்ன நாள்முதல் சிறிது சிறிதாகச் சேர்வது.

பயிற்சியின் கடைசிப் பாடம் எழுத்து. தடியை ஓங்கிய காவலர் அதனை ஏன் ஓங்கினார், எதிராளி என்ன செய்தான், முதலில் என்ன சொல்லப்பட்டது, எத்தனை முறை சொல்லப்பட்டது, எப்போது நிறுத்தப்பட்டது என்பவற்றையெல்லாம் முறையாக எழுதவேண்டும். கைது செய்தால் அதற்கெனக் குறிப்பு எழுதிச் சாட்சியின் கையொப்பம் பெறவேண்டும்; உறவினர்க்குச் செய்தி அனுப்பவேண்டும்; காவலில் இருப்பவரை 48 மணிக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்கவேண்டும். இவை டி. கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைகள். மலைச் சிற்றூரில் பிடிபட்டவனின் உறவினர்க்குச் செய்தி சொல்ல, சில வேளைகளில் ஒரு காவலர் ஒற்றையடிப் பாதையில் நெடுந்தூரம் நடக்கவேண்டியிருக்கும். மாலை மங்கும் வேளையில் அவர் அவ்வீட்டு வாயிலில் நின்று, "அம்மா, உங்கள் மகன் நலமாக இருக்கிறான்; நாளைக் காலையில் நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்கிறோம்; நீங்களும் வரலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார்.