ஏட்டில் ஏங்கிய ரயில்

பழைய படங்களைப் பார்ப்பது வீண்பொழுது என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. அது பாடமும் ஆகும் என்பதற்கு ஒரு சான்று தருகிறேன்.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 'பதேர் பாஞ்சாலி' 1929-இல் நூலாக வந்தது. சத்யஜித் ராய் அதை 1955-இல் படமாகத் தந்தார். நாவலில் அக்காள் துர்கா, ரயிலைக் காண ஏங்கியே இறந்துபோகிறாள். படத்திலோ அவளும் தம்பி அப்புவும் நாணற்பூக்களினூடே ரயிலை நோக்கி ஓடுகிறார்கள். அவள் இடறி விழ, தம்பி மட்டுமே அருகிற் சென்று காண்கிறான்.

நூலைப் படித்ததும், 'அந்த ஏக்கத்தை ராய் கெடுத்துவிட்டாரே!' என்று வருந்தினேன். மறுமுறை படம் பார்த்தபோதுதான் தெளிந்தேன். காணாமையை ஏடு சொல்லால் உணர்த்தும். திரைக்குக் காட்சி வேண்டும். ஆகவே ரயிலைக் காட்டி, அக்காளைச் சற்றே பின்னால் நிறுத்தினார். ஏக்கம் அழியவில்லை, இடம் மாறிற்று.

அப்பூக்களிடையே 1952-இல் ஒரு நாள் படமெடுத்தார். மறுவாரம் சென்றால் மாடுகள் மேய்ந்திருந்தன! மீண்டும் பூக்கும் பருவம் வரை காத்திருந்ததை அவரே எழுதியிருக்கிறார்.

நண்பர்களே, நூலையும் படியுங்கள், படத்தையும் பாருங்கள். ரயிலேறி இத்தனை தொலைவு படிக்க வந்த நம்மில் பலருக்கு, ஊரிலேயே நின்றுவிட்ட அக்காள் ஒருத்தி இருப்பாள். எனக்கு இருக்கிறாள்.