வானிலும் கடலிலும் கூடுதல் சுமை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

விமானத்தில் போய் ஒரு துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறி, இரண்டு மூன்று வாரம் கடலில் கழித்து, வேறோர் ஊரிலிருந்து விமானத்தில் திரும்பும் பயணத்தில் ஒரே பெட்டி நான்கைந்து கை மாறுகிறது. ஒவ்வொரு கைக்கும் தனி எடைக் கணக்கு, தனித் தடைப்பட்டியல், தனிப் பொறுப்பு. ஒரு கட்டத்தில் கிடைத்த அனுமதியை முழுப் பயணத்துக்கும் உரியதாக எடுத்துக்கொள்வதால்தான் கூடுதல் சுமைச் சிக்கல்களில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

நம்பிக்கை: “பெரிய விமானத்தில் கிடைத்த எடை வழி முழுக்கச் செல்லும்.”

முழுப் பயணமும் ஒரே சீட்டில் இருந்தால் இது பெரும்பாலும் சரி. அமெரிக்காவுக்குச் செல்லும், அங்கிருந்து புறப்படும் பயணங்களில் இதை அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை விதியாகவே வைத்திருக்கிறது: பயணத்தின் தொடக்கத்தில் பொருந்தும் பெட்டி விதியே அந்தச் சீட்டின் கடைசி விமானம் வரை பொருந்த வேண்டும். தனித்தனிச் சீட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு சீட்டு, சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு வேறொரு சீட்டு என்று வைத்துக்கொண்டால் கணக்கு தெளிவாகும். அமெரிக்கச் சீட்டில் தலா 23 கிலோவில் இரண்டு பெட்டிகள் இருக்கலாம். உள்நாட்டுச் சாதாரண வகுப்பில் வழக்கமான அளவு 15 கிலோ. 46 கிலோவோடு மதுரை கவுண்டரில் நிற்பவர் 31 கிலோவுக்குக் கூடுதல் கட்டணம் செலுத்த நேரும். பன்னாட்டுச் சீட்டைக் காட்டினால் சலுகை தரும் நிறுவனங்கள் உண்டு. அதை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஐரோப்பாவில் துறைமுக நகரத்துக்கு மலிவுக் கட்டண விமானத்தில் போகிறவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். அங்கே பல அடிப்படைச் சீட்டுகளில் செக்-இன் பெட்டியே சேர்ந்திருக்காது.

சிறு விமானங்கள் வரும் பயணங்களில் கட்டுப்பாடு மிகக் கடுமையானது. சிலி நாட்டின் புன்டா அரினாஸ் நகரிலிருந்து கிங் ஜார்ஜ் தீவுக்குப் பறந்து, அங்கே கப்பல் ஏறும் அண்டார்க்டிகா பயணங்களில் கைப்பையும் சேர்த்தே ஆளுக்குச் சுமார் 20 கிலோதான். மீதியை அந்நகரிலேயே விட்டுச் செல்ல வேண்டும். ஆகவே எடுத்து வைக்கத் தொடங்கும் முன் எல்லாச் சீட்டுகளையும் அருகருகே வைத்து, எது மிகக் குறைந்த எடையை அனுமதிக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

நம்பிக்கை: “மொத்த எடை சரியாக இருந்தால் போதும்; எப்படிப் பிரித்தாலும் ஒன்றுதான்.”

விமான நிறுவனங்களிடம் இரண்டு முறைகள் உள்ளன. ஒன்றில் மொத்த எடைதான் கணக்கு. 30 கிலோ என்றால் அதை இரண்டு பெட்டிகளாகவும் பிரிக்கலாம். மற்றொன்றில் பெட்டிகளின் எண்ணிக்கையும் ஒவ்வொரு பெட்டியின் எடையும் கணக்கு. இந்த இரண்டாவது முறையில் ஒரு பெட்டி 26 கிலோவும் மற்றொன்று 20 கிலோவும் இருந்தால், கூட்டுத்தொகை 46 கிலோவுக்குள் அடங்கினாலும் முதல் பெட்டிக்குக் கட்டணம் விழும். குடும்பத்தினர் எடையைப் பகிர்ந்துகொள்ளும் வசதியும் பெரும்பாலும் முதல் முறையில்தான், அதுவும் ஒரே முன்பதிவில் பெயர் இருந்து, ஒன்றாக செக்-இன் செய்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

எந்த முறையானாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது பெரும்பாலான விமான நிலையங்களில் உறுதியான எல்லை. பணம் கட்டினாலும் ஏற்பதில்லை. பெட்டியைத் தூக்கிப் போடுகிறவர்களின் முதுகைக் காக்க வந்த வரம்பு அது. அந்தத் தொழிலாளர்களை நினைத்தாவது அதை முழுமனதோடு மதிக்க வேண்டும்.

காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பைகளைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவை இடத்தைக் குறைக்கின்றன. எடையில் ஒரு கிராமும் குறைவதில்லை. கிடைத்த இடத்தில் மேலும் நான்கு உடைகளை வைப்பதால் பெட்டி முன்னைவிடக் கனமாகிறது. காலிப் பெட்டியே 4, 5 கிலோ இருப்பதுண்டு. எடை குறைக்க நினைப்பவர் முதலில் பெட்டியை மாற்றலாம்.

நம்பிக்கை: “கப்பலில் எடைக் கட்டுப்பாடு கிடையாது.”

ஓரளவு உண்மை இதில் இருக்கிறது. பெரிய சொகுசுக் கப்பல்களுக்கு ஒரு பயணியின் பெட்டி எடை பொருட்டல்ல. சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே அட்லாண்டிக்கைக் கடக்கும் குயின் மேரி 2 கப்பலை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணங்களில் இந்தத் தாராளமும் ஒன்று. பழைய நீராவிக் கப்பல் காலத்தில் பெரிய டிரங்குப் பெட்டிகளில் ‘பயணத்தின்போது தேவையில்லை’ என்று ஒட்டி அடித்தளத்துக்கு அனுப்பிவிடும் வழக்கம் இருந்தது.

இன்றைய பயணியின் பெட்டிகள் எல்லாம் அவருடைய அறைக்கே வந்து சேர்கின்றன. சாதாரண அறை ஒன்றின் பரப்பு பெரும்பாலும் 15 சதுர மீட்டருக்கு முன்பின். காலிப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போகும். நான்கு பெரிய பெட்டிகளோடு வந்த இருவருக்குக் கால் வைக்க இடம் தேட வேண்டியிருக்கும். கப்பலைவிட்டு இறங்கியதும் திரும்பவும் விமான நிறுவனத்தின் தராசுதான். கப்பலின் தாராளத்தை நம்பிச் சேர்த்த எடைக்கு விலை கடைசி விமான நிலையத்தில் கேட்கப்படும். துறைமுகக் கடைகளில் வாங்கிய பரிசுப் பொருள்களும் அங்கேதான் சேர்ந்து நிற்கும்.

சுமையைக் குறைக்கச் சலவையைப் போல உதவுவது வேறெதுவும் இல்லை. 14 இரவுப் பயணத்துக்கு 14 நாள் உடை தேவையில்லை; ஒரு வாரத்துக்கு உள்ளதை ஒருமுறை துவைத்தால் போதும். குனார்ட், பிரின்சஸ் நிறுவனக் கப்பல்களில் பயணிகள் தாங்களே துவைத்துக்கொள்ளும் இயந்திர அறைகள் உண்டு. அந்த வசதி இல்லாத ராயல் கரீபியன் போன்றவற்றில் கட்டணச் சலவை இருக்கிறது. அந்தக் கட்டணத்தையும் விமானத்தின் கூடுதல் எடைக் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் முடிவெடுப்பது எளிது.

நம்பிக்கை: “விமானத்தில் அனுமதித்த பொருளைக் கப்பலிலும் அனுமதிப்பார்கள்.”

கப்பலுக்குத் தீயைக் குறித்துத்தான் பெரிய அச்சம். இஸ்திரிப்பெட்டி, கெட்டில், சிறிய ரைஸ் குக்கர் ஆகியவை செக்-இன் பெட்டியில் விமானத்தில் தடையின்றி வரும். கப்பல் ஏறும்போது எக்ஸ்ரேயில் தெரிந்தால் அவற்றை எடுத்துவைத்துக்கொண்டு, இறங்கும் நாளில் தருவார்கள். பல நிறுவனங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் தடுக்கின்றன. வீட்டில் சமைத்த உணவையும் பெரும்பாலான கப்பல்கள் ஏற்பதில்லை. கடையில் வாங்கிய, உறை பிரிக்காத பொடி வகைகள் பொதுவாகப் பிரச்சினை இல்லாதவை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கரை இறங்கும்போது அவற்றையும் அறிவிக்க வேண்டும். ஆக, குக்கரும் அரிசியும் சேர்ந்த நான்கைந்து கிலோ வீணாகச் சுமந்த எடை. சைவ உணவு வேண்டுவோர் முன்பதிவின்போதே அதைத் தெரிவித்துவிடுவது மேல்.

விமானத்துக்கு மட்டுமான தடைகளும் உண்டு. பவர்பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணி வரை அனுமதி வேண்டியதில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை, அதற்கு மேல் அனுமதியில்லை. 20,000 எம்.ஏ.எச். பவர்பேங்க் ஏறத்தாழ 74 வாட்-மணி. விமானத்தில் இடமில்லை என்று வாயிலில் கைப்பையை வாங்கிக்கொண்டால், கொடுக்கும் முன் பவர்பேங்கை எடுத்துவிட வேண்டும். கொப்பரைத் தேங்காயும் ஆபத்தான சரக்குப் பட்டியலில் இருக்கிறது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது.

நம்பிக்கை: “விமானத்தில் போட்ட பெட்டி கப்பல் அறைக்கு வந்துவிடும்.”

விமான டேக் விமான நிலையத்தோடு முடிகிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மீண்டும் போட வேண்டும். வெளிநாட்டிலிருந்து டெல்லி, மும்பை வழியாகத் திரும்புவோருக்கும் பொதுவாக இதே நடைமுறை. துறைமுகத்தில் கப்பலின் டேக் கட்டி போர்ட்டரிடம் கொடுத்தபின் பெட்டி அறைக்கு வர மாலையாகலாம். கடைசி இரவில் அதை நள்ளிரவுக்கு முன் அறை வாசலில் வைத்துவிட வேண்டும். மருந்து, பாஸ்போர்ட், மறுநாள் உடை ஆகிய மூன்றும் இந்த இரு வேளையும் கைப்பையில் இருக்க வேண்டும்.

கப்பல் ஏறும் நாளன்றே விமானத்தில் வந்து இறங்குவது பெட்டியைப் பொறுத்தவரை மோசமான திட்டம். பெட்டி ஒருநாள் தாமதித்தால் கப்பல் அதற்குள் அடுத்த துறைமுகத்தை நோக்கிப் போயிருக்கும். ஒருநாள் முன்னதாக வருவது நல்லது. அது முடியாதபோது கப்பலின் பெயரையும் அடுத்தடுத்த துறைமுகங்களையும் தேதிகளையும் விமான நிறுவனத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நம்பிக்கை: “மிஞ்சியதை எங்காவது வைத்துவிட்டுப் போகலாம், அல்லது கூரியரில் அனுப்பிவிடலாம்.”

சிங்கப்பூரில் தொடங்கி சிங்கப்பூரிலேயே முடியும் பயணத்துக்கு இந்த நம்பிக்கையின் முதல் பாதி எளிதாகப் பொருந்தும். விடுதியிலோ சாங்கி விமான நிலையத்தின் பொருள் காப்பகத்திலோ ஒரு பெட்டியை விட்டுச் செல்லலாம். அலாஸ்காப் பயணங்கள் பலவற்றில் வான்கூவரில் ஏறி சீவர்டில் இறங்க வேண்டும். வான்கூவரில் விட்டுச் சென்ற பெட்டியை எடுக்க அங்கே திரும்பிப் போக வேண்டும். நாடு விட்டு நாடு கூரியரில் போகும் உடைமை சுங்கத்தின் கண்ணில் இறக்குமதிதான். ஆவணமும் அவகாசமும் அதற்கு வேண்டும், கப்பலோ காத்திருக்காது. விமானத்தின் கூடுதல் எடையை இணையத்தில் முன்கூட்டியே வாங்குவது பல நிறுவனங்களில் கவுண்டர் விலையைவிடக் குறைவு.

நம்பிக்கை: “பெட்டி தொலைந்தால் முழு மதிப்பும் கிடைக்கும்.”

மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் விமானப் பயணங்களில் இழப்பீட்டின் உச்சம், 2024 டிசம்பர் 28 முதல், ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். பெட்டி மூன்றானாலும் இந்தத் தொகை மாறாது. மதிப்பு கூடிய பொருள் இருந்தால் செக்-இன் செய்யும்போதே அதன் மதிப்பை அறிவித்துத் தனிக் கட்டணம் செலுத்தலாம். சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும் தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும்.

கடலுக்கு ஏதென்ஸ் உடன்படிக்கை. அதன் 2002ஆம் ஆண்டு நெறிமுறை பொருந்தும் பயணங்களில் அறையில் உள்ள உடைமைக்கு வரம்பு 2,250 எஸ்.டி.ஆர். பணம், நகை போன்றவற்றைக் காப்பில் வைக்கும்படி கப்பலிடம் ஒப்படைத்திருந்தால்தான் அவற்றுக்குப் பொறுப்பு. அறையில் உள்ள பெட்டியில் வெளிப்படையாகத் தெரியும் சேதத்தைக் கப்பலிலிருந்து இறங்கும் முன்போ இறங்கும்போதோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உடனே கண்ணுக்குத் தெரியாத சேதத்துக்கு 15 நாள் அவகாசம் உண்டு.