கரும்பேற்றும் வண்டியும் ஆளேற்றும் வண்டியும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ள ஊர் மறையூர். அண்டையிலுள்ள மூணாறு மழையில் நனைந்துகொண்டிருக்கும் நாள்களிலும் இங்கு வெயில் காய்வதுண்டு. சந்தனக் காடும், பெருங்கற்காலக் கல்திட்டைகளும், கரும்புத் தோட்டங்களும் இவ்வூருக்குப் பெயர் தந்தவை. இங்குக் காய்ச்சப்படும் உருண்டை வெல்லம் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.

வெட்டிய கரும்பு ஆலைக் கொட்டகைக்குச் சென்றாக வேண்டும். டிராக்டரின் பின்னால் கோக்கப்பட்ட டிரெய்லரோ சிறிய சரக்கு வண்டியோ அதைச் சுமந்து செல்லும். மாலையில் வேலை முடிந்து களைத்த கால்களுடன் நிற்பவருக்கு, அதே திசையில் செல்லும் வண்டி ஒரு வரமாகவே தோன்றும். கரும்புக் கட்டின் மேல் ஒருவர், டிராக்டரின் மட்கார்டில் ஒருவர், இணைப்புக் கம்பியில் கால் வைத்து இன்னொருவர் என ஏறிக்கொள்வர். கரும்பு விளையும் ஊர்கள் எங்கும் காணக்கூடிய காட்சி இது. பார்ப்பவருக்கு இதில் தவறொன்றும் தெரியாது. வண்டி மெதுவாகத்தானே செல்கிறது என்று தோன்றும்.

ஆபத்து வேகத்தில் மட்டும் இல்லை. டிரெய்லருக்குத் தனி எஞ்சின் கிடையாது. உழவர் பயன்படுத்தும் பல டிரெய்லர்களுக்குத் தனித் தடையும் கிடையாது. முன்னே செல்லும் டிராக்டர் ஒன்றுதான் இரண்டையும் நிறுத்த வேண்டும். சமவெளியில் இது பெரிய குறையாகத் தெரிவதில்லை. மலைச்சரிவில் நிலைமை தலைகீழாகிறது. மறையூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. காந்தளூரோ 1,500 மீட்டர் அளவில் உள்ளது. மேலிருந்து இறங்கும்போது இழுக்கப்பட வேண்டிய டிரெய்லர், இழுக்கும் டிராக்டரையே பின்னிருந்து தள்ளத் தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவில் டிராக்டர் திரும்ப, டிரெய்லர் நேரே செல்ல முயன்றால், இரண்டும் மடக்குக் கத்தியைப் போல ஒன்றின் மேல் ஒன்று மடங்கும். சரக்கின் மேல் ஆட்கள் அமர்ந்தால் வண்டியின் எடை மையம் இன்னும் மேலே ஏறும்; அதனால் வளைவில் கவிழ்வது எளிதாகும். உள்ளே இருக்கை இல்லை, கச்சை இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பியும் பெரும்பாலும் இல்லை. டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே தவறி விழுபவர் அடுத்த நொடியே டிரெய்லரின் சக்கரத்துக்கு எதிரே கிடப்பார். எஞ்சின் ஓசையில் அவர் எழுப்பும் குரல் ஓட்டுநரின் செவிக்கு எட்டாமலும் போகலாம்.

2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. குழந்தைக்கு முடியிறக்கிவிட்டுக் கோயிலிலிருந்து திரும்பியவர்களை ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லர் சாலையோர நீர்நிலையில் கவிழ்ந்தது. 25 பேருக்கும் மேல் இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதே ஆண்டு ஏப்ரலில், தமிழ்நாட்டின் திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில், மலைக்கோயிலுக்கு அடியார்களை ஏற்றிச் சென்ற சிறிய சரக்கு வண்டி பள்ளத்தில் உருண்டது. அதில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரு வண்டிகளும் சரக்கு ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டவை.

சட்டமும் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காண்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, டிராக்டர் என்பது தானே சுமை ஏற்றுவதற்காகச் செய்யப்படாத வண்டி. டிரெய்லர் என்பது மோட்டார் வண்டியால் இழுக்கப்படும் தனி வண்டி. அதற்கும் பதிவு எண் உண்டு. அந்த எண் டிரெய்லரின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இழுத்துச் செல்லும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். ஓடும் வண்டியின் படியிலோ கூரையிலோ எஞ்சின் மூடியிலோ யாரும் பயணம் செய்யலாகாது என்கிறது அதே சட்டத்தின் 123ஆம் பிரிவு. அப்படி ஏற்றிச் செல்லும் ஓட்டுநரும் குற்றவாளியே.

தண்டத்தொகையை விடப் பெரிய இழப்பு வேறொன்று உண்டு. காப்பீடு என்பது விபத்துக்குப் பின் குடும்பத்தைத் தாங்கும் கை. சரக்கு வண்டியில் அச்சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ உடன் சென்றால், 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவருக்குக் காப்பு உண்டு. அவ்வண்டியின் உரிமையாளரிடம் வேலை செய்பவருக்கும் ஓரளவு உண்டு. வழியில் கை காட்டி ஏறியவருக்கோ காப்பீட்டு நிறுவனம் ஈடு தரக் கடமைப்பட்டதன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. 2007இல் அந்நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், செங்கல் சூளைக்கு மண் ஏற்றும் டிராக்டரில் சென்ற கூலித் தொழிலாளி ஒருவர் காயமுற்றிருந்தார். டிராக்டருக்கு உழவுப் பணிக்கு மட்டுமே காப்பீடு இருந்தது. டிரெய்லருக்கு அதுவும் இல்லை. நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்றே நீதிபதிகள் கூறினர். ஆயினும் அவருடைய ஏழ்மையைக் கருதித் தம் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தினர்: நிறுவனம் முதலில் தொகையைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என ஆணையிட்டனர். அது அவருக்குக் கிடைத்த பரிவு. எல்லாருக்கும் உச்ச நீதிமன்றம் வரை செல்ல இயலுமா?

அண்மைக் காலத்தில் இடுக்கி மாவட்டத்துக்கு வேறொரு வகை வண்டியும் வந்துள்ளது. 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. 2022 பிப்ரவரியில் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. படுக்கையும் சமையலறையும் கொண்ட வண்டி வீடு அது. தானே ஓடும் கேரவனில், பொருத்தப்பட்ட இருக்கையில் கச்சை அணிந்து அமரலாம். காரின் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் அப்படியன்று. இத்தகைய கேரவன்கள் மிகுந்த பிரிட்டனில், வழக்கமான இழுவைக் கேரவன் ஓடும்போது அதனுள் ஆட்கள் இருக்கச் சட்டம் இடம் தருவதில்லை. மெத்தை விரித்திருந்தாலும், இழுத்துச் செல்லப்படும்போது அது டிரெய்லரே.

இத்தனையும் தெரிந்த பின்னும் மக்கள் ஏறுவது அறியாமையால் மட்டும் அன்று. மலைத் தோட்டங்களுக்குப் பேருந்து செல்லும் நேரம் குறைவு. ஜீப்புக்குக் கொடுக்கும் கட்டணம் அன்றைய கூலியில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். பிழைப்புக்காக மலையேறியவர் அந்தப் பணத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லவே விரும்புவார். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இதை ஓரளவு நினைவில் கொண்டுள்ளது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் பயணிகளை ஏற்றினால் மிகையான ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் தண்டம். அத்துடன், இறக்கப்பட்டவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்யும் வரை அவ்வண்டி நகரக் கூடாது என்றும் அது கூறுகிறது. நடுவழியில் இறக்கிவிட்டு, வீடு திரும்பும் வழியை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இருள் கவியும் மலைச்சாலையில் அந்த மாற்று வண்டி எங்கிருந்து வரும் என்பதே மிஞ்சும் கேள்வி.

சொற்பொருள்
தண்டம் – அபராதம்
கச்சை – இருக்கைப் பட்டை
ஈடு – இழப்புக்குத் தரும் தொகை
மழை மறைவு – மலை தடுப்பதால் மழை குறைந்த பகுதி

பயிற்சி
1. சரிவில் இறங்கும்போது டிரெய்லர் டிராக்டரை என்ன செய்கிறது? ஏன்?
2. ஒரு டிரெய்லரில் எந்தெந்த வண்டிகளின் எண்கள் இருக்க வேண்டும்?
3. 2007ஆம் ஆண்டு வழக்கில் நீதிபதிகள் கூறிய முடிவையும் இட்ட ஆணையையும் வேறுபடுத்தி எழுதுக.
4. ‘அது அவருக்குக் கிடைத்த பரிவு’ – இத்தொடரில் ‘உரிமை’ என்னும் சொல் வராமல் ‘பரிவு’ என்னும் சொல் வந்தது ஏன்?
5. உங்கள் வீட்டில் உள்ளோர் வேலைக்குச் செல்லும் வண்டியைப் பற்றி அவர்களிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.