இரண்டு க்ரீம், ஒரு முகம்: எதை வாங்கலாம் என்று போனிலேயே பார்ப்பது எப்படி?

மெடிக்கலில் இரண்டு க்ரீம் டியூப்களைக் கையில் எடுக்கிறீர்கள். இரண்டின் முன்பக்கத்திலும் பளிச்சென்று ஒரு முகம். 'பொலிவு தரும்', 'கரும்புள்ளி நீங்கும்' என்று கிட்டத்தட்ட ஒரே வாசகம். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எது நல்லது என்று கேட்டால் கடைக்காரர் "ரெண்டுமே நல்லாப் போகுது" என்பார். அது அவருடைய வியாபாரத்தைப் பற்றிய பதில். உங்களுக்கு வேண்டிய பதில் டியூப்பின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. அதைப் படிக்க உங்க கையில இருக்கிற போனே போதும்.

முதல்ல போட்டோ எடுங்க

டியூப் வளைவாக இருப்பதால் ஒரே படத்தில் எல்லா எழுத்தும் தெளிவாக விழாது. வெளிச்சத்தில் வைத்து, கொஞ்சம் திருப்பி இரண்டு மூன்று படம் எடுங்கள். பிறகு அந்தப் படத்தை கூகுள் லென்ஸில் திறந்து எழுத்துகளை நகல் எடுத்து, போனில் உள்ள நோட்ஸ் செயலியில் ஒட்டுங்கள். அடுத்த டியூப்பின் பட்டியலையும் அதன் கீழேயே ஒட்டுங்கள். இப்போது இரண்டிலும் பொதுவாக உள்ள பெயர்களை நீக்கிக்கொண்டே வாருங்கள். தண்ணீர், கிளிசரின், ஸ்டீரிக் ஆசிட் போன்றவை பெரும்பாலான க்ரீம்களில் இருக்கும், அதனால் முதலில் அவை போய்விடும். மிச்சம் நிற்கும் நாலைந்து பெயர்கள்தான் இரண்டு க்ரீமுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம். கூடுதலாக ஐம்பதோ நூறோ கொடுத்தால், அந்த நாலைந்து பெயருக்காகத்தான் கொடுக்கிறீர்கள்.

மொழிபெயர்ப்பு வசதியை இங்கே நம்ப வேண்டாம். வேதிப்பொருள் பெயர்களை அது சில நேரம் விநோதமாக மாற்றிவிடும். ஆங்கிலப் பெயரை அப்படியே தேடுவதுதான் சரி.

குங்குமப்பூ எங்கே நிற்கிறது?

மத்திய அரசின் அழகுசாதனப் பொருள்கள் விதிகள், 2020-ன்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமோ அதற்குக் குறைவாகவோ உள்ளவற்றை அதன்பின் எந்த வரிசையிலும் எழுதலாம். இந்த ஒரு சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று டியூப்பில் போட்டிருக்காது. ஆனால் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பீனாக்ஸிஎத்தனால் என்ற பெயரைத் தேடுங்கள். க்ரீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இது. இதை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஆகவே பட்டியலில் இதற்குப் பின்னால் வருபவை எல்லாம் ஒரு சதவீதமோ அதற்கும் கீழோதான்.

ஒரு மாதிரிப் பட்டியலைப் பார்ப்போம்: தண்ணீர், ஸ்டீரிக் ஆசிட், கிளிசரின், நயாசினமைடு, டைட்டானியம் டையாக்ஸைடு, பீனாக்ஸிஎத்தனால், வாசனை, குங்குமப்பூ சாறு, சந்தன எண்ணெய். டியூப்பின் முன்பக்கத்தில் பெரிதாகப் படம் போட்டிருப்பது குங்குமப்பூவுக்கு. பட்டியலிலோ அது வாசனைக்கும் பின்னால் நிற்கிறது. அதற்காக இது மோசமான க்ரீம் என்று அர்த்தமில்லை. குங்குமப்பூவுக்கென்று தனியாக விலை கொடுக்காதீங்க, அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது வேறு இரண்டு பெயர்கள். நயாசினமைடு என்பது வைட்டமின் பி3-ன் ஒரு வடிவம். நிறமி தோலின் மேல் அடுக்குக்கு வருவதை ஓரளவு குறைக்கும். பொதுவாக 2 முதல் 5 சதவீதம் வரை பயன்படுத்துகிறார்கள். எனவே அது பீனாக்ஸிஎத்தனாலுக்கு முன்னால் இருந்தால் அர்த்தம் உண்டு, பின்னால் இருந்தால் பெயருக்குத்தான். டைட்டானியம் டையாக்ஸைடு ஒரு வெள்ளைப் பொடி. தடவியவுடன் முகம் வெளுப்பாகத் தெரிய இதுவும் ஒரு காரணம். முகம் கழுவினால் அந்த வெளுப்பும் போய்விடும். "போட்ட உடனே வித்தியாசம் தெரியுதே" என்பதன் ரகசியம் பல நேரம் இதுதான்.

ஒரு விதிவிலக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 30 கிராமுக்குக் குறைவான க்ரீமுக்கும், 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கும் பட்டியல் போடக் கட்டாயம் இல்லை. சின்ன டியூப்பில் பட்டியல் இல்லையென்றால் அதே க்ரீமின் பெரிய டியூப்பைத் திருப்பிப் பாருங்கள்.

சதவீதம் போட்டிருந்தால் அது வேற கதை

இப்போது இரண்டாவது டியூப். பின்பக்கத்தில் நீளமான பட்டியலே இல்லை. மூன்று பெயர்கள் மட்டும் சதவீதத்தோடு இருக்கின்றன: ஹைட்ரோகுயினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மோமெட்டசோன் 0.1 சதவீதம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருக்கும்.

இது அழகு க்ரீம் இல்லை, மருந்து. முதல் டியூப்போடு ஒப்பிடவே கூடாத பொருள். ஆனால் நம்ம ஊர்ல இரண்டும் ஒரே அலமாரியில, ஒரே பேச்சில வருது. "பக்கத்து வீட்டு அக்கா இதைப் போட்டுத்தான் கலர் ஆனாங்க" என்று கைமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

மங்கு போன்ற சில பிரச்சினைகளுக்குத் தோல் மருத்துவர் இந்த மூன்று மருந்துக் கலவையைச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுப்பார். அதில் மோமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. முதல் இரண்டு மூன்று வாரங்களில் முகம் தெளிந்த மாதிரி இருக்கும். மருத்துவர் சொன்ன காலத்தைத் தாண்டி மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து சிவப்பு நரம்புகள் தெரியும், பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் வரும். அதற்குப் பயந்து திரும்பப் போடுவார்கள். இந்தச் சுழலில் சிக்கி வரும் நோயாளிகளைத் தோல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். ஹைட்ரோகுயினோனை நீண்ட நாள் போட்டால், எந்தக் கருமையைப் போக்க நினைத்தோமோ அதே இடத்தில் நீலம் கலந்த கருமை படியலாம். ட்ரெட்டினாயின் கர்ப்பிணிகளுக்குக் கூடாது. சீட்டு இல்லாமல் கடையில் தருகிறார்கள் என்பதால் அது சாதாரண க்ரீம் ஆகிவிடாது. 2018-ல் மத்திய அரசு மேலும் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்து, சீட்டைக் கட்டாயமாக்கியதும் இதனால்தான்.

இன்னொரு வித்தியாசமும் உங்களுக்குக் கைகொடுக்கும். அழகுசாதனப் பட்டியலில் ஸ்டீராய்டு பெயர் வரவே கூடாது. 'சோன்' என்று முடியும் பெயரைப் பார்த்தால் (மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன்) நின்று யோசியுங்கள். குளோபெட்டசால் என்ற பெயரும் அதே குடும்பம்தான்.

ஒப்பிடவே முடியாத டப்பா

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. ஆன்லைனிலோ, பேன்சி ஸ்டோரிலோ, தெரிந்தவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததாகவோ கிடைக்கும் சின்ன டப்பா. பட்டியல் இருக்காது, அல்லது நமக்குப் புரியாத மொழியில் இருக்கும். ஒரே வாரத்தில் வெளுப்பு என்பார்கள். இதில் பெரிய பயம் பாதரசம். பாதரச உப்புகள் தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கும், அதனால்தான் வேகமாக வேலை செய்வது போலத் தெரிகிறது. ஆனால் அது தோல் வழியாக உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். முகத்தில் போட்டவருக்கு மட்டுமல்ல, அதே துண்டில் துடைக்கும், மடியில் கிடக்கும் குழந்தைக்கும் ஆபத்து உண்டு.

பக்கத்து மாநிலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு ஓர் அரிய உட்பிரிவு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பயன்படுத்தியவர்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது.

நம் நாட்டு விதிப்படி முக க்ரீமில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தவறுதலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சேர்ப்பவர் அதைப் பட்டியலில் எழுதப்போவதில்லை. ஆகவே வேறு அடையாளங்களைப் பாருங்கள். இந்தியத் தயாரிப்பு என்றால் உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் பதிவுச் சான்று எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் வேண்டும். இவை இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பயன்படுத்தவும்' என்று எச்சரிக்கை இருந்தால் கண்டிப்பாகச் சந்தேகப்படுங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பது நகைப் பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சந்தேகம் வந்தால்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு விற்பது, உரிம எண் இல்லாத க்ரீம் ஆகியவற்றைப் பற்றி உங்கள் மாவட்டத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் மருந்து ஆய்வாளரிடம் புகார் தரலாம். பலருக்குத் தெரியாத இன்னொரு உரிமையும் இருக்கிறது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், 1940-ன் 26-வது பிரிவின்படி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய க்ரீமை உரிய கட்டணம் கட்டி அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். முடிவைக் கையெழுத்திட்ட அறிக்கையாக உங்களிடமே தருவார்கள். இதற்கு நீங்கள் நிறுவனமாகவோ வழக்கறிஞராகவோ இருக்கத் தேவையில்லை. பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

வீட்டில் யாராவது இப்படிப்பட்ட டப்பாவை ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால், திட்டுவதால் பயனில்லை, மறைக்கத்தான் செய்வார்கள். முகமோ காலோ வீங்குகிறதா, சிறுநீரில் நுரை வருகிறதா என்று கேளுங்கள். இருந்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையிலேயே முதல் தகவல் கிடைத்துவிடும். இரண்டாவது வகை ஸ்டீராய்டு டியூப் என்றால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல், எப்படிக் குறைப்பது என்று தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் அந்த டப்பாவைக் குப்பையில் போட்டுவிடாமல் கையோடு எடுத்துட்டுப் போங்க. டாக்டர் முதல்ல கேட்பதும் அதைத்தான்.