வலி இல்லை என்பதால் விட்டுவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் அத்தைக்கு (என் மாமியார்) 61 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுகிறார். தோட்ட வேலைக்குப் போனாலும் இடுப்பில் சுருக்குப்பை இருக்கும். இரண்டு மாதமாக ரசம் சாதம்கூட எரிகிறது என்று காரத்தைக் குறைக்கச் சொல்கிறார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். இடது கன்னத்தின் உள்பக்கம், கொடுப்பை ஒட்டி, சுண்ணாம்பு அப்பிய மாதிரி வெள்ளையாக இருக்கிறது. மருந்துக்கடையில் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள், குறையவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், “வலியே இல்ல, எதுக்கு? அங்க போனா கத்திய வைப்பாங்க, கத்தி பட்டா பரவிரும்” என்கிறார். என் வீட்டுக்காரரும் அதையே சொல்கிறார். இது பயப்பட வேண்டியதா? வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
- ஒரு வாசகி, சேவுகம்பட்டி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அத்தையின் வாயைத் திறந்து பார்க்க உங்களுக்குத் தோன்றியதே பெரிய விஷயம். வீட்டில் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். பெரியவர்களின் வாய்க்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

பயந்து ஒடுங்க வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். கன்னத்தின் உள்ளே வரும் வெள்ளைப் படலங்களில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் மாறப்போவது எது, மாறாதது எது என்று வெறும் கண்ணால் சொல்ல என்னாலும் முடியாது, வேறு எந்த மருத்துவராலும் முடியாது. புகையிலையை வழக்கமாக அடக்கும் அதே இடத்தில் படலம் இருக்கிறது, காரம் பட்டால் எரிகிறது, மாத்திரைக்கு அடங்கவில்லை. இவை சேர்ந்து வந்தால் காட்டித்தான் ஆக வேண்டும்.

வலி இல்லை என்கிறார் அல்லவா, என்னைக் கவலைப்பட வைப்பது அதுதான். வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. சாதாரண வாய்ப்புண் சுருக்கென்று வலிக்கும், ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். வலிக்காமல், ஆறாமல், ஒரே இடத்தில் கிடக்கும் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டுதான் சந்தேகத்துக்குரியது. அதிலும் சிவப்புத் திட்டு வெள்ளையைவிட ஆபத்தானது. வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடுங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் எந்தப் புண்ணுக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் வீட்டு வைத்தியத்தில் காத்திருக்கக் கூடாது.

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு எப்படி வந்தது என்று எனக்குப் புரிகிறது. கழுத்தில் நெறிகட்டி, வாய் திறக்க முடியாத நிலையில்தான் நம் ஊர்களில் பலர் வருகிறார்கள். அறுவை செய்த பிறகும் சிலர் பிழைப்பதில்லை. ஊரில் பழி கத்தியின் மேல் விழுகிறது. உண்மையில் நோய் அதற்கு முன்பே பரவியிருக்கும். அத்தைக்கு முதலில் செய்யப்போவது அறுவையே அல்ல. மரத்துப்போகும் ஊசி போட்டு, படலத்தின் ஓரத்திலிருந்து மிளகளவு சதை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போட்டுச் சோதனைக்கு அனுப்புவார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அந்தச் சதைப் பரிசோதனையால் புற்றுநோய் பரவாது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பத்துக்கு ஏழெட்டுப் பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். முற்றிய பிறகு அந்தக் கணக்கு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள்.

இனி கண்டுபிடிக்கும் வழி. நல்ல வெளிச்சத்தில், அல்லது செல்போன் டார்ச்சில், மாதம் ஒருமுறை பாருங்கள். கையைக் கழுவிக்கொண்டு, பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். உதட்டை மேலும் கீழும் விரித்துப் பாருங்கள். இரண்டு கன்னத்தையும் விரலால் விலக்கி, கொடுப்பு முழுவதையும் பாருங்கள். சுத்தமான துணியால் நாக்கின் நுனியைப் பிடித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இழுத்து ஓரங்களைப் பாருங்கள். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்ப்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், நோய் அங்கேயும் ஒளிந்திருக்கும். தலையை அண்ணாத்தி மேலண்ணத்தையும் பாருங்கள். கடைசியாகத் தாடைக்குக் கீழும் கழுத்திலும் தடவி, கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளையாகத் தெரிவதைத் துணியால் மெல்லத் துடையுங்கள். வழித்துக்கொண்டு வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பல்செட் போடுபவர்களுக்கும் அது வரும். துடைத்தும் போகவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான்.

இன்னொரு சோதனையும் உண்டு. அத்தை தன் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பல்லுக்கு நடுவே நுழைக்கட்டும். நுழையவில்லை என்றால் வாய் இறுகத் தொடங்கியிருக்கலாம். இப்படி இறுகுவது பெரும்பாலும் பாக்கினால் வருவது. காரம் தாங்காமல் எரிவதுதான் அதற்கும் முதல் அறிகுறி. “புகையிலையை விட்டுட்டேன், வெறும் வெற்றிலை பாக்குதான்” என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: புகையிலை சேர்க்காத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்திவிட்டது. உடைந்த பல்லின் கூர்முனை கன்னத்தில் உரசிக்கொண்டே இருப்பதும் ஆறாத புண்ணை உண்டாக்கும். பல்லைப் பிடுங்கினால் கண் மங்கும் என்று பயந்து அதை வைத்திருக்க வேண்டாம். பல்லுக்கும் பார்வைக்கும் சம்பந்தமில்லை.

வெறும் கண்ணால் பார்த்து என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைக்காதீர்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள்தான் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005-ல் வெளியான முடிவு இது. உங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் இதில் பெருமை உண்டு. 2000-ல் தொடங்கி அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு இங்கே நடந்த கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கண்ணால் பார்த்துச் செய்த சோதனையே மரணத்தை 35 சதவீதம் குறைத்தது. அப்படிப்பட்ட மாவட்டத்தில், வேடசந்தூரில் புகையிலைக்கென்று ஆராய்ச்சி நிலையமே அமைக்கப்பட்ட மாவட்டத்தில், வாயைப் பார்ப்பது மட்டும் இன்னும் வழக்கமாகவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். நாடு முழுவதும் 2022-ல் மட்டும் 1 லட்சத்து 43 ஆயிரம் பேருக்கு மேல் புதிதாக வாய்ப் புற்றுநோய் வந்ததாக உலகப் புற்றுநோய் மதிப்பீடு சொல்கிறது.

30 வயது தாண்டிய எல்லோருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை என்பது அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்வது நம் உரிமை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வரும் சகோதரியிடம், “வாயையும் பார்க்கணும், எங்க காட்டலாம்?” என்று கேளுங்கள். உங்கள் தெருவில் புகையிலை போடும் மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிகரெட்டை ஆண்கள் பழக்கம் என்று கண்டிக்கும் நாம், பாட்டிமாரின் சுருக்குப்பையைக் கண்டுகொள்வதே இல்லை.

அத்தை புகையிலையை இன்றே விடுவது நல்லது. சில படலங்கள் விட்ட சில வாரங்களிலேயே சுருங்கும். ஆனாலும் சுருங்குகிறதா பார்க்கலாம் என்று பரிசோதனையைத் தள்ள வேண்டாம். முதல் வாரம் கைகால் பரபரக்கும், எரிச்சல் வரும். சண்டை போடாதீர்கள். வாய் கேட்கும்போது சோம்போ ஏலக்காயோ கொடுங்கள். புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

வத்தலக்குண்டு அரசு மருத்துவமனையில் பல் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று விசாரித்து, இந்த வாரமே கூட்டிப்போங்கள். அங்கே முடியாவிட்டால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மேல் சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் புற்றுநோய் சிகிச்சைக்கு இடமுண்டு. செலவுக்குப் பயந்து நிற்க வேண்டாம். போகும்போது உங்கள் வீட்டுக்காரரையும் அழைத்துப்போய், அவர் வாயையும் காட்டிவிட்டு வாருங்கள்.